வேடமிடும் பாம்புகளும் விழிப்புள்ள விவசாயியும்

வட்டார வளர்ச்சி அதிகாரி, கீழ்பென்னாத்தூர்

கயிற்றைப் பாம்பென்று மயங்கி நடுங்கிய வழிப்போக்கனை நம் நாட்டுத் தத்துவ ஆசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். அந்தியிருளில் கிடந்த கயிறு அவனுக்குப் பாம்பாகத் தோன்றியது. விளக்கைக் கொண்டுவந்து பார்த்ததும் மயக்கம் தீர்ந்தது. ஆனால், நிலத்தோடு பழகும் நமது குடியானவர்களுக்கு நேரும் ஆபத்து இதற்கு நேர்மாறானது. அவர்கள் பாம்பைச் சருகென்றும், மண்கட்டியென்றும், காய்ந்த கொடியென்றும் எண்ணிக் கால் வைத்துவிடுகின்றனர். அன்றியும், ஒரு பாம்பை மற்றொரு பாம்பென்று எண்ணி ஏமாந்தும் போகின்றனர். முன்னதற்குக் காரணம் பாம்பு பூணும் மறைவேடம். பின்னதற்குக் காரணம் அதன் போலிவேடம். இவ்விரு வேடங்களும் எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றால் பாம்புக்கு வரும் பயன் யாது, நமக்கு வரும் கேடு யாது என்பவற்றைக் கிராமத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கீழ்பென்னாத்தூர். ஏரிப்பாசன நெல் வயல்களும், செம்மண் மேட்டு நிலங்களும், கரும்புத் தோட்டங்களும், ஆங்காங்கே கற்குவியல்களும் நிறைந்த வட்டாரம் இது. ஆடிப் பட்டத்தில் விதைக்கும் வேர்க்கடலையை, அதாவது இப்பகுதி மக்கள் மல்லாட்டை என்று வழங்கும் பயிரை, பெண்மக்கள் குனிந்து கையால் பிடுங்குவதே இங்கு வழக்கம். எலி உள்ள இடத்தில் பாம்பும் உண்டு. தானியம் உள்ள இடத்தில் எலியும் உண்டு. ஆகவே, நமது தொழிலும் பாம்பின் இருப்பும் ஒரே வரப்பில் சந்திக்கின்றன. இதனைத் தவிர்க்க இயலாது; ஆனால் அறிந்து நடந்துகொள்ள இயலும்.

பாம்புக்கு வேடம் எதற்கு?

பாம்புக்குக் காலில்லை, கையில்லை, புறச் செவியும் இல்லை. வெயிலும் மண்ணும் தரும் வெப்பத்தைக் கொண்டே தன் உடல் வெப்பத்தைச் சீர்செய்துகொள்ள வேண்டிய பிராணி அது. குளிர்ந்த வேளையில் விரைந்து ஓடவும் அதனால் முடியாது. வானத்திலிருந்து பருந்தும் கழுகும், மரத்திலிருந்து ஆந்தையும், புதரிலிருந்து கீரியும், வயலிலிருந்து மயிலும் அதைத் தேடுகின்றன. மனிதனோ தடியுடன் வருகிறான். மற்றொரு புறம், எலியும் தவளையும் ஓணானும் தன்னைக் காணாதிருந்தால்தான் அதற்கு இரை கிட்டும். பகைவன் கண்ணுக்கும் படலாகாது; இரையின் கண்ணுக்கும் படலாகாது. இவ்விரு தேவைகளும் சேர்ந்தே பாம்பின் நிறத்தையும் கோலத்தையும் உருவாக்கியுள்ளன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பாம்பு தானே யோசித்து இவ்வேடத்தைப் பூணுகிறதா? இல்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளிலும் நிறத்திலும் கோட்டிலும் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. செம்மண் நிலத்தில் செம்பழுப்பு நிறக் குட்டி பருந்தின் பார்வைக்குத் தப்புகிறது. வெளிறிய குட்டி அகப்பட்டுக்கொள்கிறது. தப்பியது வளர்ந்து ஈன்ற குட்டிகளிற் பல தாயின் நிறத்தையே பெறுகின்றன. நல்ல விதையைப் பொறுக்கி வைத்து ஆண்டுதோறும் விதைக்கும் உழவன் பயிரின் குணத்தை மாற்றுவது போல, பருந்தும் கீரியும் தம்மையறியாமலேயே பாம்பின் கோலத்தைப் பல லட்சம் ஆண்டுகளாகப் பொறுக்கித் திருத்தி வந்துள்ளன. இதனையே அறிஞர்கள் இயற்கைத் தேர்வு என்கின்றனர்.

மறைவேடம்

மறைவேடத்தின் எளிய முறை, சூழலின் நிறத்தை ஒத்திருப்பது. நமது வேலியோரத்துக் கொடிகளில் வாழும் பச்சைப் பாம்பு இதற்குச் சிறந்த சான்று. கண்கொத்திப் பாம்பு என்றும் இதனை அழைப்பர். இலையின் பச்சை, கொடியின் மெலிவு, கூரிய இலை நுனி போன்ற மூக்கு ஆகிய இம்மூன்றும் அதற்கு வாய்த்துள்ளன. இவை போதாவென்று, உடலின் முன்பகுதியை நீட்டி, காற்றில் ஆடும் கொடியைப் போலவே முன்னும் பின்னும் அசைகிறது. நிறம் மட்டுமன்றி அசைவும் வேடமாகிறது என்பதை இதனால் அறியலாம். இது கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும் என்பது வெறும் அச்சமே. ஓணானையும் தவளையையும் பிடிப்பதற்கான மென்மையான நஞ்சே இதற்குண்டு. மனிதனை அது கொல்வதில்லை.

கொம்பேறி மூக்கனும் அத்தகையதே. வெண்கல நிறமும் நெடுங்கோடும் கொண்ட இப்பாம்பு மரக்கிளையோடு கிளையாகக் கிடக்கும். கடித்தவன் சிதையில் எரியும் புகையைக் காண்பதற்காகவே இது மரமேறுகிறது என்று கிராமங்களில் சொல்வதுண்டு. உண்மையில் இதற்கு நஞ்சே இல்லை. மரமேறுவது தவளைக்கும் பல்லிக்குமே.

மறைவேடத்தின் இரண்டாவது முறை சற்று நுட்பமானது. கண்ணாடி விரியனின் முதுகை நோக்கினால், சங்கிலிக் கண்ணிகளைப் போன்ற கரும்பழுப்பு வட்டங்கள் மூன்று வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். இவ்வளவு பளிச்சென்ற கோலம் பாம்பைக் காட்டிக் கொடுக்காதா என்று தோன்றும். ஆனால், சருகுக் குவியலில் அது சுருண்டு கிடக்கையில் நடப்பது வேறு. நம் கண் ஒரு பொருளை அடையாளங் காண்பது அதன் விளிம்பைக் கொண்டே. கரும்வட்டங்களும் வெளிறிய இடைவெளிகளும் அந்த விளிம்பைத் துண்டு துண்டாக்கி விடுகின்றன. ஒரு வட்டம் சருகின் நிழலாகவும், மற்றொன்று மண்ணின் பிளவாகவும் தோன்றுகிறது. முழுப் பாம்பு கண்ணுக்குத் தோன்றுவதே இல்லை. செம்மண்ணிலும் சரளைக் கல்லிலும் கிடக்கும் சுருட்டை விரியனின் அலைக்கோடும் இவ்வாறே செயற்படுகிறது.

இதில் நாம் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வேடத்தை நம்பிய பிராணி ஓடுவதில்லை. காலடி அதிர்வை உணர்ந்ததும் சாரைப்பாம்பு விரைந்து விலகிவிடும். விரியனோ, தான் காணப்படவில்லை என்ற நிலையில் அசையாது கிடக்கும். மிக நெருங்கியபின் கண்ணாடி விரியன் துருத்தி ஊதுவது போலப் பெருஞ்சீறல் எழுப்பும். சுருட்டை விரியன் தன் பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, அரம் ராவுவது போன்ற ஒலி எழுப்பும். அவ்வொலியைக் கேட்டு நிற்பதற்குள் கால் பட்டுவிட்டால் கடி நிச்சயம். ஆகவே, “பாம்பு நம்மைக் கண்டால் ஓடிவிடும்” என்ற பொது நம்பிக்கை விரியன்களுக்குப் பொருந்தாது.

போலிவேடம்

1862-ஆம் ஆண்டில் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற ஆங்கில இயற்கையியலார், அமேசான் காடுகளில் தாம் கண்ட வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். பறவைகளுக்குச் சுவை பிடிக்காத ஒரு பூச்சியின் கோலத்தை, சுவையுள்ள வேறொரு பூச்சி அப்படியே கொண்டிருப்பதை அவர் கண்டார். முதற் பூச்சியைத் தின்று வெறுத்த பறவை இரண்டாவதையும் தொடுவதில்லை. வலிமையற்றது வலிமையுடையதன் சட்டையை அணிந்து உயிர் பிழைக்கும் இம்முறைக்கு அவர் பெயரே இன்றளவும் வழங்குகிறது.

பாம்புகளிலும் இது உண்டு. நமது வீட்டுச் சுவர்களிலும் ஓட்டுக் கூரைகளிலும் பல்லி தேடித் திரியும் ஓநாய்ப் பாம்பு இதற்கு நம்மருகிலேயே உள்ள சான்றாகும். வெள்ளிக்கோல் வரையன் என்றும் இதற்குப் பெயருண்டு. பழுப்பு அல்லது கரும்பழுப்பு உடலில் வெண்மஞ்சள் பட்டைகள் குறுக்கே ஓடும். மனிதனைக் கொல்லும் நஞ்சு இதற்கில்லை. ஆயினும், கொடிய நஞ்சுடைய கட்டுவிரியனை இது ஒத்திருப்பதால் பகைப் பிராணிகள் அஞ்சி விலகுகின்றன என்பர். இலங்கையிலும், அத்தீவுக்கே உரிய கட்டுவிரியன் ஒன்றை அத்தீவுக்கே உரிய ஓநாய்ப் பாம்பினம் ஒன்று ஒத்திருக்கின்றது. முதலுக்கு ஏற்ற போலி அந்தந்த நாட்டிலேயே அமைந்திருப்பது வியப்புக்குரியது.

போலியைக் கண்டு அஞ்சப் பகைவனுக்கு யார் கற்பிக்கின்றனர்? கட்டுவிரியனிடம் கடிபட்ட பறவை பாடங்கற்று மீள்வது அரிது. இதற்கு விடை கூறும் ஆய்வு ஒன்று 1975-இல் வெளியாயிற்று. நடு அமெரிக்காவின் நச்சுப் பவளப் பாம்புகளுக்கு மஞ்சளும் சிவப்பும் கலந்த வளையங்கள் உண்டு. கையால் வளர்க்கப்பட்ட, பாம்பையே கண்டறியாத பறவைக் குஞ்சுகளின் முன் அவ்வாறே வண்ணம் தீட்டிய மரக்குச்சிகள் வைக்கப்பட்டன. குஞ்சுகள் அவற்றைக் கொத்தாமல் விலகின. வேறு வண்ணக் குச்சிகளைக் கொத்தின. அச்சமும் பரம்பரையாக வரக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

நமது வட்டாரத்தில் காணத்தக்க பிற ஒப்புமைகளும் சில உண்டு. பூனைப் பாம்பு சுருட்டை விரியனை ஒத்திருக்கும். சுருண்டு, தலையை உயர்த்தித் தாக்க வரும் தோரணையும் அவ்வாறே. ஏரியிலும் குளத்திலும் வாழும் நீர்க்கோலி, துன்புறுத்தினால் முன்னுடலைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கி, நாகம் படமெடுப்பதைப் போலக் காட்டும். இருதலை மணியன் தன் தலையைச் சுருளுக்குள் மறைத்து, மழுங்கிய வாலைத் தலைபோல் காட்டும். பகைவன் வாலைத் தாக்கினால் உயிர் தப்பும். இதற்கு இரண்டு தலை இல்லை. செல்வம் கொண்டுவரும் என்ற கதையிலும் உண்மையில்லை. அக்கதையை நம்பி இதைப் பிடித்து விற்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். செதில் சொரசொரத்த மற்றொரு மண்ணுளிப் பாம்போ, தடித்த குட்டை உடலும் கரும்பழுப்புத் திட்டுகளும் கொண்டு கண்ணாடி விரியனைப் பெரிதும் ஒத்திருக்கும்.

அரைகுறை அறிவால் விளைந்த தீங்கு

இக்கடைசி ஒப்புமையைப் பற்றி எழுதுகையில் எனது தவறொன்றை மறைக்காமல் கூறுவது கடமையெனக் கருதுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சியில் நடந்த கூட்டத்தில், வீணாகப் பாம்புகளைக் கொல்லலாகாது என்பதைப் பற்றிப் பேசினேன். “மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்பது பொய், அதற்கு நஞ்சே கிடையாது, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்” என்று படங்காட்டி விளக்கினேன். கூறியது அனைத்தும் உண்மையே. ஆனால், அதைப் போலவே தோன்றும் கண்ணாடி விரியனின் படத்தை அருகில் வைத்துக் காட்ட எனக்குத் தோன்றவில்லை.

அவ்வாண்டு மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில், அவ்வூரைச் சேர்ந்த ஒரு தாயின் புறங்கையில் பாம்பு கடித்தது. உடனிருந்தோர் பாம்பைக் கண்டனர். தடித்த குட்டை உடல். முதுகில் திட்டுத் திட்டாகக் கோலம். “மண்ணுளிதான், ஒன்றும் ஆகாது” என்று முடிவு செய்தனர். கை வீங்கிய பின்னும் பச்சிலை அரைத்துக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தனர். மாலையில் ஈறுகளிலிருந்து குருதி கசியத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். நச்சுமுறி மருந்து உயிரைக் காத்தது. ஆனால் காலதாமதத்தால் சிறுநீரகம் பழுதுற்று, பல நாட்கள் இயந்திரத்தின் உதவியால் குருதியைச் சுத்திகரிக்க நேர்ந்தது. அந்த அம்மையார் பிழைத்தெழுந்தார். நலம் விசாரிக்கச் சென்றபோது அவருடைய கொழுந்தனார் என்னிடம், “ஐயா, நீங்கள் கூட்டத்தில் சொன்னதைத்தான் நாங்கள் நம்பினோம்” என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அது என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

தீங்கற்ற பாம்பைப் பற்றிக் கற்பிப்பவர் எவராயினும், அதை ஒத்த நச்சுப் பாம்பையும் உடன் கற்பிக்க வேண்டும். இரண்டையும் கற்பித்த பின்னர், “ஆயினும் கடிபட்டால் உங்கள் கண்ணை நம்பாதீர்கள்” என்று முடிக்க வேண்டும். அன்று நான் விட்டுவிட்ட அந்த முடிவுரையே இக்கட்டுரையின் சாரம்.

அடையாளங்களும் அவற்றின் எல்லையும்

அறிந்துகொள்ளும் பொருட்டு முக்கிய வேறுபாடுகளைக் கீழே தருகின்றேன்.

கட்டுவிரியனும் ஓநாய்ப் பாம்பும்: கட்டுவிரியன் பளபளக்கும் கருமை அல்லது கருநீல நிறமுடையது, மெல்லிய வெண்பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமையும், கழுத்தருகே அவை மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கித் தெளிவடையும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரியனவாய் அறுகோண வடிவில் இருக்கும். ஓநாய்ப் பாம்பிலோ பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி முன்பகுதியில் தெளிவாகவும் பின்பகுதியில் மங்கலாகவும் இருக்கும், தலை தட்டையாயிருக்கும், நடுவரிசைச் செதில்கள் பெரியனவல்ல.

கண்ணாடி விரியனும் மண்ணுளியும்: விரியனின் தலை முக்கோண வடிவினதாய்க் கழுத்தினின்று தெளிவாகப் பிரிந்து நிற்கும், முதுகுக் கோலம் ஒழுங்கான மூன்று வரிசை. மண்ணுளியின் தலையும் கழுத்தும் ஒரே பருமனில் இணைந்திருக்கும். திட்டுகள் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று கலந்திருக்கும். வால் மிகக் குட்டையானது.

சுருட்டை விரியனும் பூனைப் பாம்பும்: சுருட்டை விரியன் குட்டையானது, தலையில் பறவைக் காலடி அல்லது அம்பு போன்ற குறி உண்டு, தலைச் செதில்கள் மிகச் சிறியன. பூனைப் பாம்பு மெலிந்து நீண்டது. அதன் தலைச் செதில்கள் பெரிய தகடுகளாக அமைந்திருக்கும்.

இவ்வடையாளங்கள் பகலில், பாதுகாப்பான தொலைவில், படத்திலோ காட்சிச் சாலையிலோ கற்பதற்கு உதவும். ஆனால் நடு இரவில், அச்சத்தின் நடுவே, நொடிப்பொழுது கண்டு மறைந்த பாம்பின் நடுச்செதில் அறுகோணமா அன்றா என்று எவரால் கூற இயலும்? பட்டைகள் மங்கிய கட்டுவிரியன்களும் உண்டு. சட்டை உரிக்கும் காலத்தில் எல்லாப் பாம்புகளின் நிறமும் ஒளி குன்றிவிடும். குட்டியின் கோலமும் வளர்ந்ததன் கோலமும் வேறுபடும்.

பாம்புகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவரும் ஏமாந்ததுண்டு. ஜோ ஸ்லோவின்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர் 2001 செப்டம்பரில் வட பர்மாவின் மலைக்காடுகளில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். தீங்கற்ற போலிப் பாம்பு என்று கருதிப் பையில் இடப்பட்டிருந்த சிறு பாம்பு ஒன்று அவர் கைவிரலைக் கடித்தது. உண்மையில் அது கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்தது. உதவி எளிதில் எட்டாத அவ்விடத்தில், மறுநாளே அவர் உயிர் நீத்தார். அறிஞர்க்கே இந்நிலையெனில், இருட்டில் கண்டதை வைத்து நாம் முடிவு செய்வது எவ்வளவு பேதைமை!

வேடத்தை வெல்லும் மருந்து

இவ்விடர்ப்பாடு புதியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், நச்சுப் பாம்பையும் நஞ்சற்றதையும் மக்கள் வேறுபடுத்தி அறியவேண்டும் என்று விரும்பி, சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய வண்ணப்பட நூலை 1796-இல் வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயர் அவர் நினைவாகவே வழங்குகிறது. அக்காலத்தில் அடையாளம் காண்பதே பாதுகாப்பாயிருந்தது, மருந்து இல்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான ஒரே கூட்டு மருந்தே நம் நாட்டில் வழங்கப்படுகிறது. எது கடித்தது என்று தெரியாவிடினும், நோயாளியின் உடலில் தோன்றும் குறிகளைக் கண்டு மருத்துவர் அதனைச் செலுத்துகின்றார். குருதி உறைகின்றதா என்பதைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்துப் பார்த்தே விரியன் நஞ்சை அறிகின்றனர். இமை தொங்குதல், விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றைக் கொண்டு நாகம், கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சை உணர்கின்றனர். பாம்பின் வேடம் நம் கண்ணை ஏமாற்றலாம். குருதியின் சோதனையை அது ஏமாற்றாது. எனவே, பாம்பைத் துரத்திப் பிடித்தோ அடித்தோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தேவையில்லை. அம்முயற்சியில் இரண்டாவது மனிதனும் கடிபடுவதே மிச்சம்.

இம்மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் நஞ்சே. மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இப்பணியை ஆற்றி வருகிறது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் உயிருடன் விட்டுவிடுவது அவர்களது முறை. மண்ணில் பதிந்த தடத்தையும் வளையின் வாயையும் நோக்கியே உள்ளிருப்பது எப்பாம்பு என்று கூறும் திறன் அம்மக்களுக்குப் பரம்பரைச் செல்வம். அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது நமக்கெல்லாம் பெருமையளிப்பதாகும்.

ஊரார் செய்ய வேண்டுவன

2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் பாம்புக் கடியால் மாண்டனர். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. 2030-க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2024-இல் வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசும் பாம்புக் கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அரசின் திட்டம் பயன்தர வேண்டுமாயின், ஊராரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது.

வயலிற் பணிபுரிவோர்: மல்லாட்டை பிடுங்குமுன் நீண்ட கோலால் செடிகளைத் தட்டி அசைத்துவிட்டுக் கை வைக்கவும். வைக்கோற் போரிலும், விறகடுக்கிலும், கற்குவியலிலும் வெறுங்கையை நுழைத்தல் ஆகாது. இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் முழங்கால் வரையிலான பூட்சும் கைவிளக்கும் இன்றிச் செல்லலாகாது. மறைவேடம் வெளிச்சத்திலேயே நம்மை ஏமாற்றுமாயின், இருளில் கூறவும் வேண்டுமோ!

வீட்டில் உள்ளோர்: கட்டுவிரியன் இரவில் வீட்டிற்குள் புகுந்து, தரையில் துயில்வோரைக் கடிப்பதுண்டு. கடியில் வலி சிறிதே. பல்தடமும் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலியும், இமைத் தொங்கலும் கண்டால் கட்டுவிரியனை ஐயுற வேண்டும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகுவதும் நல்ல காப்பு. தென்கிழக்கு நேபாளத்தில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, கொசுவலைக்குள் உறங்குவோர்க்குப் பாம்புக் கடி குறைவு என்பதைக் காட்டியுள்ளது. தானியத்தை மூடி வைத்து எலியை ஒழித்தால், பாம்பு வரும் வழியும் அடைபடும்.

கடிபட்டால்: பதற்றம் வேண்டா. மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றுக. கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குச் செய்வது போல் அசையாது வைத்து, நோயாளியை நடக்க விடாமல் தூக்கிச் செல்க. கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாய்வைத்து உறிஞ்சுதல், மந்திரித்தல், பச்சிலை கட்டுதல் ஆகியவை காலத்தைக் கொல்லும். காலம் ஆளைக் கொல்லும். 108 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் தெரிவித்து, அரசு மருத்துவமனைக்கு விரைக. “இது நஞ்சில்லாப் பாம்பு” என்று கூறும் உரிமை மருத்துவருக்கே உண்டு. அண்டை வீட்டாருக்கு இல்லை. வட்டார வளர்ச்சி அதிகாரிக்கும் இல்லை.

ஊராட்சி மன்றங்கள்: நச்சுமுறி மருந்து எப்போதும் கிடைக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது, அங்குச் செல்லும் வழி எது என்பதை முன்கூட்டியே விசாரித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். தெருவிளக்குகளைப் பழுதின்றிப் பேண வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் மகளிர் குழுவினரும் நச்சுப் பாம்பின் படத்தையும் அதன் போலியின் படத்தையும் அருகருகே வைத்துக் கற்பிக்க முன்வர வேண்டும். வீட்டிற்குள் பாம்பு புகுந்தால், அடித்துக் கொல்ல முற்படாமல், தொலைவில் நின்று கண்காணித்து, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ தகவல் தருவதே முறை.

முடிவுரை

நம் நாட்டிலுள்ள 300-க்கு மேற்பட்ட பாம்பினங்களிற் பெரும்பாலானவை மனிதனுக்குத் தீங்கு செய்யாதவை. அவற்றுள் பல, எலியைத் தின்று உழவனின் களஞ்சியத்தைக் காப்பவை. பருந்தை ஏமாற்றுவதற்காக அமைந்த வேடமே மனிதன் கையில் அவற்றுக்கு மரணமாக முடிகின்றது. கட்டுவிரியனென்று எண்ணி நாம் அடித்துக் கொன்ற ஓநாய்ப் பாம்புகள் எத்தனையோ! மறுபுறம், போலியென்று எண்ணி அசட்டை செய்த நச்சுப் பாம்பால் நாம் இழந்த உயிர்களும் பல. இவ்விரு தவறுகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை: கண்டவுடன் முடிவு கட்டும் அவசரமே அவ்வேர்.

வாழும் பாம்பை விலகி நின்று வழிவிடுவோம். கடித்த பாம்பை, அது எதுவாயினும், நச்சுப் பாம்பென்றே கருதி மருத்துவமனைக்கு விரைவோம். இவ்விரண்டையும் நமது ஒன்றியத்தின் ஒவ்வொரு குடும்பமும் கைக்கொண்டால், அடுத்த மல்லாட்டை அறுவடையில் எந்தத் தாயும் தாமதத்தால் துன்புற நேராது. அதற்கு ஒத்துழைக்குமாறு கிராமத்து அன்பர்கள் அனைவரையும் பணிவுடன் வேண்டுகின்றேன்.